முந்திரி அறுவடைக்கு நாள் குறித்த கதை

எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் முந்திரி என்றால் திராட்சை; மற்ற மாவட்டத்தார் முந்திரி என்று சொல்லும் பருப்புக்கு இங்கே அண்டிப்பருப்பு என்று பெயர். அதனால், "முந்திரித் தோட்டமும் ஒயின் செய்யும் இடமும் பார்க்க நாசிக் போகலாம்" என்று நான் சொன்னதும், கம்பத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவி, "அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம், பண்ருட்டி போதாதா?" என்று கேட்டாள். பயணத் திட்டத்தின் முதல் குழப்பம் அது.

இரண்டாவது குழப்பம் தேதியில் வந்தது. பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை என்பதால் டிசம்பர் கடைசி வாரத்தைக் குறித்துவிட்டு, மாமனாருக்குத் தொலைபேசியில் பெருமையாகத் தெரிவித்தேன். பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழேயே ஆயுளைக் கழித்த அவர், ஊரையும் கேட்கவில்லை, ஓட்டலையும் கேட்கவில்லை. "அங்க கவாத்து எப்போன்னு விசாரிச்சீங்களா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். கவாத்து என்றால் கொடியைக் கத்தரித்துவிடுவது. நான் விசாரித்திருக்கவில்லை.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் உண்மையான திட்டமிடல் தொடங்கியது. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தானாகவே உறங்கிவிடும். நம் வெப்பநாட்டில் அதற்கு உறக்கம் கிடையாது. கத்திரிக்கோல்தான் அதன் பருவத்தைத் தீர்மானிக்கிறது. நாசிக்கில் ஆண்டுக்கு இரண்டு கவாத்து செய்கிறார்கள்: ஏப்ரலில் அடிக்கவாத்து, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காய்க்கவாத்து. அந்த இரண்டாவது கவாத்திலிருந்து நான்கைந்து மாதங்களில் பழம் அறுவடைக்கு வருகிறது. ஆகவே ஒயின் திராட்சை அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரைதான் நடக்கும். டிசம்பரில் போயிருந்தால் பச்சைக் காயைத்தான் பார்த்திருப்போம். ஜூலையில் என்றால் சேற்றையும் இலையையும் மட்டுமே. பிப்ரவரி நடுவில் போவது என்று முடிவானது. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுச்செல்வது என்பதும் அப்போதே முடிவாயிற்று. மது சுவைக்கப் போகும் இடத்துக்கு அவர்கள் எதற்கு?

ரயிலில் 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது என்பதால், டிசம்பரைப் பயணத்தில் செலவிடாமல் கணினியின் முன்னால் செலவிட்டேன். நாகர்கோவிலிலிருந்து மதுரை, குண்டக்கல், சோலாப்பூர், புனே வழியாக மும்பை செல்லும் விரைவு வண்டி வசதியானது. ஆனால் தினமும் கிடையாது. நாசிக் போகிறவர்கள் மும்பை வரை போகத் தேவையில்லை. கல்யாண் சந்திப்பில் இறங்கி, கசாரா மலைப்பாதை ஏறும் வண்டி ஒன்றைப் பிடித்தால் நாசிக் ரோடு நிலையம் வந்துவிடும். சனி, ஞாயிறுகளில் மும்பைக்காரர்களும் புனேக்காரர்களும் அங்கே திரண்டுவிடுவதால் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். ஜனவரி கடைசியில் போக நினைப்பவர்கள் 26ஆம் தேதியை விலக்கிவிடுங்கள். அன்று மது விற்பனை இல்லை.

புறப்படும் முன் கம்பத்தில் ஒரு நாள் தங்கினோம். ஒத்திகை என்றே சொல்லலாம். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் அதே இனம். கம்பத்துப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே கொடி தலைக்கு மேலே பந்தலில் படர்கிறது. குனிந்து நடந்தால் கொத்துகள் நெற்றியில் இடிக்கும்.

நாசிக்கின் ஒயின் தோட்டங்களிலோ பந்தல் இல்லை. கம்பி கட்டிய வேலியைப் போல வரிசை வரிசையாகக் கொடிகள் நிமிர்ந்து நிற்கின்றன. கொத்துகள் இடுப்பளவில் தொங்குகின்றன. காற்றும் வெயிலும் பழத்தில் நேராகப் படுவதற்காகவே இந்த ஏற்பாடு. ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டேன்: சிறியது, தோல் தடித்தது, பாதிக்கு மேல் கொட்டை. தின்பதற்கான பழமே அல்ல. கடைகளுக்கு வரும் பெரிய பச்சைத் திராட்சையும் இதே மாவட்டத்தில்தான் விளைகிறது. சொல்லப்போனால் நாசிக் விளைச்சலில் பெரும்பங்கு அதுதான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம் என்பதால் பகலில் வெயில் காய்ந்தாலும் இரவில் குளிர் இறங்குகிறது. பழத்தின் புளிப்பு கெடாமல் இருப்பதற்கு அந்தக் குளிரே காரணம். இரவும் பகலும் ஒரே புழுக்கம், இரண்டு பருவமழையும் தப்பாமல் பெய்யும் என்ற எங்கள் மாவட்டத்தில் இந்தக் கொடி பூஞ்சை பிடித்தே செத்துவிடும்.

கங்காபூர் அணைப் பக்கமாகப் பல ஒயின் ஆலைகள் இருக்கின்றன. சூலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000இல் வெளிவந்ததும், மறு ஆண்டே மகாராஷ்டிர அரசு திராட்சை பதனத் தொழிலுக்குத் தனிக் கொள்கை அறிவித்ததும்தான் இந்த வட்டாரத்தை மாற்றியவை. நாங்கள் இரண்டு நாளில் இரண்டு ஆலைகள் மட்டும் பார்த்தோம். ஒரே நாளில் நான்கு ஆலை என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு மூன்றாவது ஆலையிலேயே நாக்கு மரத்துப்போகும்.

நான் அதிக நேரம் நின்றது நொதிக்கும் கூடத்தில். ஆளுயரத்தைத் தாண்டிய எஃகுத் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தொட்டியின் அளவுமானி 14 டிகிரி காட்டியது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்தெடுத்து, இப்படிக் குளிரவைத்து மெதுவாக நொதிக்க விடுகிறார்கள். சூடேறினால் மணம் பறந்துவிடும். சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து இதைவிடக் கூடுதல் வெப்பத்தில் நொதிக்க விடுவார்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது. வழிகாட்டிய இளைஞர் ஈஸ்ட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பனையேறியின் நினைவு வந்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அக்கானி, அதாவது பதநீர்; தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் வேலை செய்யாது. இங்கே குளிரைக் கொண்டு செய்வதை அவர் ஒரு விரல் சுண்ணாம்பில் செய்துவிடுகிறார்.

சுவைக்கும் மேசையில் ஆளுக்கு ஐந்து கோப்பைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மிடறு. வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குப் போய், இனிப்பானதைக் கடைசியில் குடிக்க வேண்டும். இனிப்பு முதலில் போனால் அதற்குப் பின் வருவதெல்லாம் புளிக்கும். முதல் கோப்பை சாவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். கிறிஸ்துமஸ் ஒயின் என்றால் சர்க்கரைப் பாகு போல இருக்க வேண்டும் என்று நம்பி வளர்ந்த எனக்கு அதன் புளிப்பு பல்லைக் கூசவைத்தது. மனைவி கோப்பையைச் சுழற்றி முகர்ந்துவிட்டு, "இதுல கொய்யாக்கா வாசமில்ல அடிக்குது!" என்றாள். வழிகாட்டி சிரித்தபடி, கையிலிருந்த அட்டையில் முதல் வரியைக் காட்டினார். கொய்யா என்றுதான் போட்டிருந்தது. அதன்பின் அவர் விளக்கங்களை என்னை விட்டுவிட்டு அவளிடமே சொல்லத் தொடங்கினார்.

மதுவை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவருவதற்கான விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால், பாட்டில் வாங்குவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். சாலையோரக் கடையில் பச்சைத் திராட்சை இரண்டு பெட்டி வாங்கினோம். கம்பத்தில் இறங்கிக் கொடுத்ததும் மாமனார் ஒரு பழத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாயில் போட்டு மென்று, "கொட்டையே இல்லையே மாப்ள, காம்பு மட்டும் கொஞ்சம் வாடிருச்சு. பறிச்சு நாலு நாள் இருக்கும்" என்றார். சரியாக நான்கு நாள்தான் ஆகியிருந்தது.