லமார் பள்ளத்தாக்கில் ஒரு காலை

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பனிக்காலம் முழுக்க சாதாரணக் கார் போகக்கூடிய சாலை ஒன்றுதான், வடக்கே கார்டினரிலிருந்து குக் சிட்டி வரை. விடியுமுன்பே கிளம்பி லமார் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டோம். மைனஸ் 24 டிகிரி.

சாலையோரம் ஒரு காட்டெருமை. தலையை இடமும் வலமுமாக வீசி வீசிப் பனியைத் தள்ளுகிறது, அடியில் கிடக்கும் காய்ந்த புல்லுக்காக. அந்தப் பெரிய திமில் முழுக்க இந்த வேலைக்கான தசைதான். தாடியில் பனிக்கட்டி தொங்குகிறது. முதுகில் விழுந்த பனி உருகவே இல்லை. ரோமம் அவ்வளவு அடர்த்தி, உடம்புச் சூடு வெளியே கசிவதில்லை. காரை விட்டு இறங்காமல் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம், சற்றுத் தள்ளி தொலைநோக்கியோடு நின்ற பெரியவர் ஒருவர் கையசைத்துக் கூப்பிட்டார். எதிர்ச் சரிவில் ஏழு ஓநாய்கள்! முன்னால் போவதன் தடத்திலேயே கால் வைத்து, ஒரே வரிசையில். 1926இல் இங்கே கடைசி ஓநாய்களையும் கொன்றுவிட்டார்கள். 1995, 96இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இடையில் கிட்டத்தட்ட 70 வருடம். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ஒன்று நின்று ஊளையிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ மேட்டிலிருந்து பதில் வந்தது. எங்களில் யாரும் பேசவில்லை.