அம்பாசடர் ‘டொக்’ சத்தம்: கிராஸ் இல்லை, வாஷர்

ஆறு மாதமாகப் படுத்திய ‘டொக்’ ஞாயிற்றுக்கிழமை நின்றது. வண்டி 1986 அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல். ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்டுக்கு மாற்றி கிளட்சை விட்டால் பின்சீட்டுக்கு அடியில் சுத்தியலால் தட்டியது மாதிரி ஒரு அடி. ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தினாலும் அதே அடி.

எல்லோரையும் போல நானும் முதலில் கை வைத்தது கிராஸில், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்டின் முனையில் உள்ள சிலுவை வடிவ இணைப்பில். இரண்டு முறை மாற்றினேன். பின் பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட் இறுக்கினேன், கியர்பாக்ஸ் மவுண்டிங் புதிதாகப் போட்டேன். பலன் இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில், ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் போய்விட்டது, செட்டோடு மாற்ற வேண்டும் என்றார்கள். ஓட்டத்தில் துளி ஊளைச் சத்தம் இல்லாத கிரவுனை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? அந்தக் கோபத்தில்தான் நானே அடியில் படுத்தேன்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் இழுத்து, ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பினேன். கிராஸை இரு பக்கமும் பிடிக்கும் இரண்டு யோக்குக்கும் நடுவில் விரல் நுனியை வைத்தால் போதும், கிராஸில் ஆட்டம் இருந்தால் உடனே தெரியும். இரண்டும் ஒட்டியே நகர்ந்தன. அப்புறம் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் ஃபிளாஞ்சுக்கும் அசையாத ஆக்ஸில் ஹவுசிங்குக்கும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு. திருப்பினேன், கோடு ஒரு விரற்கடை விலகி, ‘டொக்’. அதே சத்தம்! ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று என்பதால் உள்ளே இருக்கும் ஆட்டம் இங்கே பெரிதாகத் தெரியும்தான். ஆனாலும் ஒரு விரற்கடை அதிகம்.

ஆயிலை வடித்து, ஆக்ஸில் இரண்டையும் உருவி, கிரவுன் பினியனும் அதோடு சேர்ந்த கியர்களும் இருக்கும் டிஃபரன்ஷியலை இறக்கினேன். கிரவுன் பல்லில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருக்கும் சின்ன கியர்களின் செப்பு வாஷர் பிளேடு மாதிரி தேய்ந்திருந்தது. பெரிய கியர்களின் ஃபைபர் வாஷரில் ஒன்று மூன்று துண்டு. இன்னொன்று கருப்புத் தூளாக ஆயிலோடு கலந்து கிடந்தது.

சனிக்கிழமை முழுவதையும் தின்றது சின்ன கியர்களைத் தாங்கும் குறுக்குத் தண்டின் பூட்டுப் பின். துளையின் வாயில் இரும்பைத் தட்டி அடைத்திருக்கிறார்கள். அதை எடுக்காமல் பஞ்ச் வைத்து அடித்தால் பின்னின் தலை பருத்து இன்னும் இறுகும். சின்ன டிரில் பிட்டால் அந்த விளிம்பை மட்டும் சுரண்டினேன். கடையில் வாங்கிய பஞ்ச் இரண்டும் வளைந்தன. கடைசியில் பழைய வால்வு ஒன்றின் தண்டை லேத்தில் நாலரை மில்லிக்குக் கடைந்து வாங்கினேன். மூன்றாவது அடியில் பின் நகர்ந்தபோது வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வாஷர் சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் கிடைத்தது. பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், ஜீப் வாஷரை எடுத்து நீட்டுவார்கள்; பழையதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கழற்றும்போதே பேரிங் கேப்களில் இடம் வலம் புள்ளி குத்தி, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களை அந்தந்தப் பக்கமே திரும்பப் போட்டேன். அதனால் கிரவுன் பினியன் இடைவெளி மாறவில்லை. இப்போது சாக்பீஸ் கோடு நூலளவு விலகுவதோடு சரி.

பேப்பர் கேஸ்கட் ஓரத்தில் இ.பி. 90 கியர் ஆயில் லேசாகக் கசிகிறது, மறுபடி இறக்க வேண்டும். அதற்குள் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கியர் லிவரின் லிங்கேஜுக்குப் பித்தளை புஷ் கடையக் கொடுத்துவிட்டேன், செகண்ட் கியர் தேடித் தேடி விழுகிறது.