சிவப்பு முனை டங்ஸ்டன்

கோயம்புத்தூர் கணபதியில் மாமா பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது கிரைண்டர் சத்தம்தான். ஆர்கான் வெல்டிங். பால் டேங்க், ஹோட்டல் அடுப்பு, எஸ்.எஸ். (எவர்சில்வர்) பைப் என்று முப்பது வருஷமாகப் பற்றவைக்கிறார். ஆர்க் (பற்றவைக்கும் மின்பொறி) வெளிச்சத்தைப் பார்க்காதே என்று சின்ன வயதில் என் தலையில் குட்டிய மனுஷன், அந்த ஆர்க் கிளம்புகிற டங்ஸ்டன் ராடின் முனையைத் தீட்டும்போது மட்டும் மூக்கில் ஒரு துணிகூடக் கட்டமாட்டார்.

ராடு முனையில் சிவப்பு பூசியிருந்தால் அதில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கிறது என்று அர்த்தம். ஆர்க் சட்டென்று பிடிக்கும், முனை சீக்கிரம் தேயாது, அதற்காகச் சேர்ப்பது. தோரியம் கதிரியக்கப் பொருள் (நமக்கு அன்னியமில்லை, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது). ராடு டப்பாவில் கிடக்கும்வரை பெரிய வம்பில்லை, தோரியம் விடும் ஆல்பா கதிரை நம் மேல்தோலே நிறுத்திவிடும். தீட்டும்போது பறக்கிற தூசிதான் வில்லங்கம். மூச்சில் போய் நுரையீரலில் ஒட்டிக்கொண்டால் அங்கே தடுக்க மேல்தோல் ஏது, பக்கத்துச் செல்லை நேராகவே அடிக்கும். அரை ஆயுள், அதாவது பாதி தோரியம் சிதைய ஆகும் காலம், 1,400 கோடி ஆண்டு, அதனால் தானாகத் தீர்ந்துபோகும் என்ற கணக்கும் இல்லை.

ஜெர்மனியில் ஷ்னீபெர்க் என்ற ஊரில் சுரங்கக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நெஞ்சு நோயில் செத்தார்கள். அது நுரையீரல் புற்று என்று 1879-இல் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். பாறையிலிருந்து கசிந்த ரேடான் என்ற கதிரியக்க வாயுதான் காரணம் என்று புரிய இன்னும் பல பத்தாண்டு பிடித்தது. எனக்குப் பயமே இந்தத் தாமதத்தில்தான். தூசி போவது இருபது வயதில், நோய் தெரிவது ஐம்பதில், அப்போது "பீடி குடிச்சான், வந்துருச்சு" என்று ஊரே கதையை முடித்துவிடும். பீடியும் சேர்ந்தால் ஆபத்து ஏறும் என்பதும் உண்மைதான்.

பீதி கிளப்பவில்லை. ராடு தீட்டுகிறவருக்கு வரும் கதிர்வீச்சு அந்தச் சுரங்கக்காரர்கள் வாங்கியதில் சிறு துளி. வெல்டிங் புகையையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் புற்று உண்டாக்கும் பட்டியலில் ஏற்றிவிட்டது, என்னைக் கேட்டால் மாமாவுக்கு அதுதான் பெரிய கவலை. ஆனால் புகையை ஓரளவுக்குத்தான் தவிர்க்க முடியும், தோரியத்தை முழுசாகவே தவிர்த்துவிடலாம். நீல முனை லாந்தனம், சாம்பல் முனை சீரியம், கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள்.

"ஏனுங் மாமா, நீலத்துக்கு மாறிக்கலாமுங்களே?"

"முப்பது வருசமா ஒன்னும் ஆகுல மாப்ள."

சரி என்று நானே ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போய் வைத்தேன். ஒரு வாரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு எஸ்.எஸ். தொட்டிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு "பரவால்ல, புடிக்குது" என்றார். தீட்டுகிற இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன், அதற்குப் பட்டறைப் பையன் என்னை முறைக்கிறான். டப்பாவில் இன்னும் எட்டு சிவப்பு ராடு கிடக்கிறது, காசு கொடுத்து வாங்கினதைத் தூக்கிப்போட மாமாவுக்கு மனசு வரவில்லையாம்.