கனெக்டிகட் ஆற்றங்கரையில் குதிரைப்படைத் துப்பாக்கிகள்

பழைய குதிரைப்படைத் துப்பாக்கி வாங்கும் ஆசை இருந்தால், பணம் சேர்ப்பதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள். அதற்கு அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்குச் சுமார் 40 கிலோமீட்டர்; ரயில் உண்டு. அந்நாட்டுக் குதிரைவீரர்கள் சுமந்த ஆயுதங்களில் பல இந்தச் சிறு வட்டாரத்தில் பிறந்தவை. ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன் (குதிரைவீரருக்கான குட்டை ரைஃபிள்) அங்கேயே. மேனார்டு, ஸ்மித் கார்பைன்கள் பக்கத்துச் சிக்கோபியில். ஷார்ப்ஸ் கார்பைனும் கோல்ட் ரிவால்வரும் ஹார்ட்ஃபோர்டில்.

ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை 1794இல் தொடங்கி 1968இல் மூடப்பட்டது. இன்று தேசிய வரலாற்றுத் தளம், நுழைவு இலவசம். திறக்கும் நாள்கள் பருவத்துக்கேற்ப மாறும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிற்பது துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்திய பெரிய அடுக்கின் முன்னால். அதைக் கடந்து 1873 மாடல் கார்பைனிடம் போங்கள், நேரம் எடுத்துக்கொண்டு பாருங்கள்.

அதன் குழல் 22 அங்குலம். பின்பக்க மூடியை மேலே தூக்கி ஒரே ஒரு தோட்டா போட வேண்டும். ரைஃபிள் தோட்டாவில் 70 கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அளவு) வெடிமருந்து. எடை குறைந்த கார்பைன் தோளை இடிக்காமலிருக்க 55 கிரெய்ன். அன்றைய தோட்டாக் கூடு செம்பு. தோல் பட்டையில் நாள்கணக்கில் கிடந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். தொடர்ந்து சுட்டுச் சூடேறிய, குழலில் தோட்டா அமரும் அறையில் அது ஒட்டிக்கொள்ளும். கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி ஒரு பக்க விளிம்பை மட்டும் பிடிப்பதால் விளிம்பு கிழிந்து, கூடு உள்ளேயே நின்றுவிடும். ரைஃபிள்காரனிடம் அதைக் குத்தித் தள்ளக் கம்பி இருந்தது. குதிரைவீரனிடம் இல்லை. அமெரிக்கக் குதிரைப்படை பழங்குடியினரிடம் தோற்ற லிட்டில் பிக்ஹார்ன் போருக்கு (1876) மறு வருடம் வந்த 1877 மாடலில்தான் பின்கட்டைக்குள் மடக்குக் கம்பி வைக்க இடம் குடைந்து, தகட்டில் சிறு மூடி போட்டார்கள்.

சேகரிப்பவருக்கு இது பொன்னான தடயம். வரிசை எண் சுமார் 43,700க்குள் இருந்தால் அந்தப் போருக்கு முன் செய்தது என்று விலையை ஏற்றிச் சொல்வார்கள். எண் அப்படியிருந்து, பின்கட்டைத் தகட்டில் மூடியும் இருந்தால் கட்டை பிற்காலத்தது. ராணுவமே பழுதுபார்த்து மாற்றியிருக்கலாம். அது மோசடி அல்ல, ஆனால் அந்த விலை தரக்கூடாது.

மோசடி என்பது வேறு. 32⅝ அங்குலக் குழல் கொண்ட ரைஃபிளை அறுத்துக் கார்பைன் ஆக்குவார்கள். முன்கட்டையின் நுனியைத் திருப்பிப் பாருங்கள்: கம்பி செருகும் பள்ளத்தை மரத்துண்டால் அடைத்திருந்தால் விட்டுவிடுங்கள். இடப்பக்க இரும்புச் சட்டத்தில் ஓடும் வளையம் குதிரைப்படையின் அடையாளம்; தோள்வாரின் கொக்கி அதில்தான் மாட்டும். சவாரியில் அந்த வளையம் ஆடி ஆடி மரத்தில் வில் போன்ற தேய்மானம் விழும். சட்டம் இருந்து, அதன் கீழ் மரம் மழமழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஷார்ப்ஸில் எண்ணின் முன் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் அது 1,00,000ஐக் குறிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் ஏராளமான ஷார்ப்ஸ்களை உலோகத் தோட்டாவுக்கு மாற்றினார்கள். தேய்ந்து அகன்ற குழல்களுக்கு உள்ளே புதுக் குழாய் செருகி குண்டைச் சுழலவைக்கும் மூன்று வரிப்பள்ளம் போட்டார்கள். நல்ல நிலையில் இருந்தவை பழைய ஆறு பள்ளத்தோடு தப்பின. டார்ச் அடித்து எண்ணிப் பாருங்கள்.

ஹார்ட்ஃபோர்டில் தங்க நட்சத்திரம் பதித்த கோல்ட் ஆலையின் நீலக் குவிமாடம் தூரத்திலேயே தெரியும். துப்பாக்கிகளைப் பார்க்கக் கனெக்டிகட் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1873 கோல்ட் ரிவால்வரின் குதிரைப்படைக் குழல் 7½ அங்குலம். பின்னாளில் ராணுவம் பலவற்றைப் படைகளிடமிருந்து திரும்பப் பெற்று 5½ அங்குலமாகக் குறைத்தபோது பாகங்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின. அதனால் நீளக் குழலும் எல்லாப் பாகத்திலும் ஒரே எண்ணும் உள்ள துப்பாக்கிக்கு மதிப்பு மிக அதிகம். குழலின் எண் கூடு தள்ளும் கம்பியின் உறைக்குக் கீழே ஒளிந்திருக்கும்.

கையில் எடுக்கும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். வியர்வை உப்பால் ஒரே இரவில்கூடத் துருப்பிடிக்கலாம். எதையும் காலி என்று நம்பாதீர்கள். ஸ்பென்சர் கார்பைனின் பின்கட்டைக்குள் ஏழு தோட்டா கொள்ளும் குழாய் உண்டு. உருவிப் பார்த்த பின்பே விசையைத் தொடுங்கள். கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பரிசோதகர் முத்திரை அழியும், மதிப்பும் போகும். லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெழுகுப் பூச்சு தந்தால் போதும். தோல் உறைக்குள் வைக்கவே வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி 1898 வரை செய்தவை தொன்மை ஆயுதங்கள்; மாநில விதிகள் தனி. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுபார்த்தும் சுட முடியாத தொல்பொருளுக்கு மட்டும் விலக்கு தருகிறது. ஆகவே வாங்கியதைப் பெட்டியில் போட்டு விமானம் ஏறாதீர்கள். உரிமம், சுங்கம் இரண்டையும் எழுத்தில் உறுதிசெய்த பிறகே விலை பேசுங்கள்.