செரோக்கி எக்ஸ்ஜே: ஸ்வே பார் லிங்கைக் கையால் கழற்றும்படி மாற்றுவது

இரண்டு முன் சக்கரங்களின் பக்கங்களையும் குறுக்காக இணைக்கும் முறுக்குத் தண்டுதான் ஸ்வே பார். சக்கரங்கள் சேர்ந்து ஏறி இறங்கினால் அதற்கு வேலையே இல்லை. ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் அது முறுகி எதிர்க்கும். நெடுஞ்சாலை வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பதும், பாறையில் ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி விடுவதும் அதே எதிர்ப்புதான். 2005 ராம் பவர் வேகனிலும் 2007-இல் வந்த ஜீப் ரேங்ளர் ரூபிகானிலும் இதை விடுவிக்க ஒரு சுவிட்சை அமுக்கினால் போதும். 2001 வரை அமெரிக்காவில் விற்ற ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே-க்கு அந்த வசதி இல்லை. பாரின் நுனியை ஆக்சிலோடு இணைக்கும் கம்பியான லிங்கை நாமேதான் கழற்ற வேண்டும்.

எப்போதாவது ஒருமுறை காட்டுப் பாதைக்குப் போகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. லிங்கின் கீழ்முனையில் இருக்கும் டார்க்ஸ் தலை (நட்சத்திரக் குழி உள்ள) போல்ட்டை எடுத்துவிட்டு, அதே அளவு, அதே தரத்தில் அறுகோணத் தலை போல்ட் போட்டு, இரண்டு ஸ்பேனர்களை வண்டியில் வைத்துக்கொண்டால் போதும்.

அடிக்கடி போகிறவர்களுக்கு, போல்ட்டுக்குப் பதில் ‘பின்’ (pin) என்ற தண்டைப் பொருத்தும் முறை. லிங்கின் மேல்முனையின் ரப்பர் புஷ்களைத் தொட வேண்டாம். எல்லாப் பக்கமும் கொஞ்சம் வளைந்து கொடுப்பவை அவைதான். கீழ்முனை போல்ட்டின் இடத்தில், ஆக்சில் பிராக்கெட்டில் நிரந்தரமாக நிற்கும் ஒரு பின் வேண்டும். லிங்கின் கண், அதாவது கீழ்முனை வளையம், அதில் சறுக்கி ஏறும்; வெளியே வராதபடி ஆர் கிளிப் (R வடிவக் கம்பிக் கிளிப்) பிடிக்கும்.

இந்தப் பின்னை லேத்தில் கடைந்து வாங்குவதே நல்லது. 4140 எஃகு, முன்கூட்டியே 28–32 ஹெச்ஆர்சி (ராக்வெல் சி அளவு) கடினத்தில் கிடைப்பது, சரியாக இருக்கும். நடுவில் 22 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமனில் ஒரு காலர் (வளைய விளிம்பு). காலருக்குப் பின்னால் எம்12 (12 மி.மீ.) மரை: பிராக்கெட்டைத் தாண்டி நைலாக் நட் (தளராத நைலான் வளைய நட்) ஏறி, இரண்டு மரை வெளியே தெரியும் அளவு நீளம். முன்பக்கம் மரையே இல்லாத வழவழப்பான தண்டு. அதன் விட்டம் கண்ணுக்குள் இருக்கும் இரும்புக் குழாயின் உள்விட்டத்தைவிட 0.2 மி.மீ. குறைவாக இருக்கட்டும். அந்த உள்விட்டத்தை வெர்னியரில் அளந்தே சொல்லுங்கள். பழைய குழாய் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் புது லிங்க் வாங்கிவிட்டு அளக்க வேண்டும்.

தண்டும் காலரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடக் கூடாது, 1.5 மி.மீ. ஆரம் கேளுங்கள். இந்தப் பின்னுக்கு ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம் உள்ளது. அதனால் வளைவு விசை முழுவதும் அந்த மூலையில்தான் சேரும், விரிசலும் அங்கேதான் தொடங்கும். கடினமான போல்ட் ஒன்றைப் பிராக்கெட்டில் வைத்து வெல்டு அடிக்கும் குறுக்குவழி இதே காரணத்தால் ஆபத்து: வெல்டுக்குப் பக்கத்தில் அதன் பதம் கெட்டுவிடும்.

கிளிப் துளை 4 மி.மீ. காலரிலிருந்து குழாயின் நீளத்தோடு 1.5 மி.மீ. வாஷர் ஒன்று, அதற்கு மேல் அரை மி.மீ. இடைவெளி, துளையின் விளிம்பு அங்கே தொடங்க வேண்டும். துளையைத் தாண்டி இன்னும் 6 மி.மீ. தண்டு இருக்கட்டும், நுனியைச் சரிவாகக் கடையட்டும். இந்த அரை மி.மீ.தான் முழு வேலையின் தரம். இரண்டு மூன்று மி.மீ. ஆட்டம் விட்டால் முதலில் ‘டக் டக்’ சத்தம், பிறகு குழாய் தேய்மானம், கடைசியில் கிளிப்பே அறுந்து போகும். துளையின் பிசிறை எடுக்காவிட்டால் கண் ஏறும்போது உரசி மாட்டிக்கொள்ளும்.

வண்டியை உயர்த்தியிருந்தால் லிங்க் நீளத்தையும் பாருங்கள். சமதளத்தில் நிற்கும்போது பாரின் கைகள் ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்க வேண்டும். 3 அங்குலம் உயர்த்தினால் லிங்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நீள வேண்டும். குட்டை லிங்கோடு சக்கரம் முழுதாகத் தொங்கினால், கையும் லிங்கும் நேர்கோட்டுக்கு வந்து, திரும்பும்போது மறுபக்கம் மடங்கிவிடும். பிறகு வளைவது லிங்கா, பிராக்கெட்டா என்பது அதிர்ஷ்டம்.

கழற்றிய லிங்கை எங்கே வைப்பது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. தொங்கவிட்டால் டயரிலோ பிரேக் ஹோஸிலோ இடிக்கும். ரப்பர் கயிறு குலுங்கலில் நழுவும். அடிச்சட்டத்தில் இதே மாதிரி இன்னொரு பின் வைத்து, லிங்கை மேலே தூக்கி அதில் மாட்டி, அதே கிளிப்பைப் போடுங்கள். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள்.

ஸ்வே பாரை விடுவித்த பிறகு சக்கரம் எவ்வளவு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது ஷாக் அப்சார்பராக இருக்க வேண்டும், பிரேக் ஹோஸாக இருக்கக் கூடாது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி, மறுபக்கம் தரையை விட்டு எழும் வரை கொண்டு போங்கள். ஹோஸ் விறைக்கிறதா, ஸ்ப்ரிங் தன் இருக்கையை விட்டு எழுகிறதா, ஏறிய பக்கம் டயர் ஃபெண்டரில் படுகிறதா என்று பாருங்கள். அடுத்து மறுபக்கம்.

திரும்ப மாட்டும்போது ஒரு பக்கம் உடனே ஏறும், மற்றது இரண்டு செ.மீ. தள்ளி நிற்கும். சுத்தியலை எடுக்காதீர்கள். சமதளத்துக்கு வண்டியை நகர்த்தி, ஒருவர் பம்பரின் மூலையை அழுத்த, இன்னொருவர் தள்ளினால் ஏறிவிடும். தார்ச்சாலையில் சக்கரம் படும் முன் இதை முடித்துவிடுங்கள். பார் இல்லாமல் மெதுவாகப் போகலாம் என்பார்கள். குறுக்கே ஏதாவது வந்து சட்டென்று திருப்ப வேண்டியிருந்தால்தான் அந்தச் சாய்வு தெரியும். கிளிப்புகள் தொலையும், நாலு கூடுதலாக வைத்திருங்கள். ஆற்று மணலில் ஓடிய பிறகு பின்னைத் துடைத்துக் கிரீஸ் பூசாவிட்டால், அடுத்த முறை கண் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.