பத்து மில்லி சனி

எங்கள் குடும்பத்தில் சர்க்கரை இல்லாதவர்கள் என்றால், சுவரில் மாலையோடு தொங்குபவர்கள் மட்டும்தான்.

அதனால் தீபாவளிக்கு யாருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாலும் அது கொடுத்த வீட்டில் தங்காது. திருமங்கலத்தில் கொடுத்தது வில்லாபுரம் போய், அங்கிருந்து ஆரப்பாளையம் போய், கடைசியில் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். ஒரு வருடம் அடையாளத்துக்கு டப்பாவின் அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன். கார்த்திகைக்குள் புள்ளி வந்து சேர்ந்துவிட்டது.

போன தீபாவளிக்கு அப்படி ஒப்பேற்ற முடியாத நிலைமை. ஜூலையில் காளவாசல் பாலத்தடியில் வண்டி சறுக்கி வலது கால் உடைந்து, இரண்டரை மாதம் கட்டிலே கதி என்று கிடந்தேன். திருமங்கலத்திலிருந்து பெரியம்மா வந்து 18 நாள் தங்கி, தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார். வில்லாபுரத்துச் சித்தப்பா ஒவ்வொரு செக்கப்புக்கும் ஆட்டோவோடு வந்து நின்றார். மாடியிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கும் வேலை நண்பனுடையது. என் எடையைப் பற்றி அந்தப் படிக்கட்டில் அவன் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. கீழ்வீட்டு ஓனரம்மா மூன்று மாத வாடகையைக் கேட்கவே இல்லை. மதுரையில் இதற்கு மேல் ஒரு அன்பு உண்டா?

இவர்களுக்கெல்லாம் மைசூர்பா டப்பாவை நீட்டினால் நன்றாகவா இருக்கும்? ஏதாவது வித்தியாசமாக, மனசுக்கு இதமாக, சர்க்கரை ஏறாததாக வேண்டும். பெங்களூரில் இருக்கும் ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி, "எசென்ஷியல் ஆயில் குடு, பூவுலயும் இலையிலயும் எடுக்குற வாசனை எண்ணெய், ரொம்ப பெர்சனலா இருக்கும்" என்றாள். பெங்களூரில் இருக்கலாம்.

அண்ணா நகரில் ஒரு கடையைக் கண்டுபிடித்துப் போனேன். மதுரைக்காரன் மல்லியைத்தானே கேட்பான்? 2013லேயே புவிசார் குறியீடு வாங்கிய பூ. கடைத் தம்பி ஐந்து மில்லிக்கு ஒரு விலை சொன்னான். பிடித்து நிற்க ஊன்றுகோல் கையில் இருந்ததால் தப்பித்தேன்.

"சார், லாவெண்டர், யூகலிப்டஸ் எல்லாம் ஆவியில வடிக்கிறது. மல்லிக்கு அந்தச் சூடு ஆகாது, வாசனையே மாறிப்போகும். பூவ ஹெக்சேன்ல ஊறவச்சு மொதல்ல மெழுகு மாதிரி எடுப்பாங்க. அதுக்குப் பேரு கான்கிரீட்."

கான்கிரீட் என்றதும் என் கை தானாக மாவுக்கட்டு இருந்த இடத்தைத் தடவியது.

"ஆயிரம் கிலோ மொட்டுக்கு ரெண்டு மூணு கிலோ கான்கிரீட் தேறும். அத ஆல்கஹால்ல கழுவி எடுத்தா அதுலயும் பாதிதான் நிக்கும்."

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மில்லிக்கு நாலைந்து கிலோ மொட்டு. முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணியில் மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுகிற ஊர் இது. நாலைந்து கிலோவைத் தொடுத்தால் எங்கள் தெருப் பெண்கள் மொத்தப் பேரும் தலை கொள்ளாமல் வைக்கலாம். அதை ஒரு சுண்டுவிரல் பாட்டிலுக்குள் அடைத்துத் தருவதற்கு இந்த விலை நியாயம்தான். நியாயமான விலை என்பதும் என்னால் கொடுக்க முடிகிற விலை என்பதும் வேறு வேறு என்பதால் மல்லியைக் கும்பிட்டுவிட்டு, லாவெண்டர், பெப்பர்மின்ட், ஆரஞ்சு, யூகலிப்டஸ், வெட்டிவேர் என்று ஐந்து வாங்கினேன். எல்லாம் பத்து மில்லி. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்பதால் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், வாயில் சொட்டு மூடி.

வீட்டில் மனைவி ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து மாதிரியே இருக்கு. கண்ணு ஆப்பரேசன் பண்ணுன உங்க பெரியம்மாகிட்டப் போயி இதக் குடுங்க."

அது நியாயமான பயம். ஆகவே ஒவ்வொரு பாட்டிலுக்கும் கைப்பட ஒரு சீட்டு எழுதினேன். அப்படியே தோலில் தேய்க்கக் கூடாது, 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 12 சொட்டு போதும், குடிக்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது, கைக்குழந்தை முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் நன்றிக் கடிதம் மாதிரி இல்லை, பூச்சி மருந்து டப்பா மாதிரி இருந்தது.

டிவி வந்த பெட்டியில் கிடந்த தெர்மாகோலை அறுத்து, பாட்டில் உட்காரக் குழி தோண்டி, ஜிகினாத் தாள் சுற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் ஆரஞ்சு பாட்டில் கழுத்தளவு உள்ளே இறங்கியிருக்கிறது. மூடி சரியாக மூடவில்லை, கசிந்திருக்கிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது லிமோனீன். தெர்மாகோலை அது வெந்நீரில் போட்ட அப்பளம் மாதிரி கரைத்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். குழியில் மிச்சமிருந்தது சூயிங்கம். 2017இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோலை மிதக்கவிட்டு, காற்று அத்தனையையும் கரையில் ஒதுக்கியதே, அன்றைக்கு இது கையில் இருந்திருந்தால் பொறுக்குகிற வேலையாவது மிச்சமாகியிருக்கும்.

தீபாவளி திங்கட்கிழமை. லீவு தோதுப்படி சனிக்கிழமையே கிளம்பினேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த மோசமான முடிவுகளில் இது, காளவாசலில் பிரேக் பிடித்ததற்கு அடுத்தபடி வரும்.

முதலில் திருமங்கலம். பெரியம்மா முறுக்குச் சட்டியை இறக்கிவிட்டு வந்து, ஜிகினாத் தாளைப் பிரித்தார்.

"என்னய்யா இது, கண்ணுக்கு விடுறதா?"

"இல்ல பெரியம்மா, எண்ணெய்."

பெரியம்மாவின் கை அப்படியே நின்றது. "இன்னைக்கு என்ன கெழம?"

"சனி."

அடுப்பில் எண்ணெய் ஓயும் சத்தம்கூடக் கேட்டது. எனக்கு ஏழரை நடப்பது குடும்பம் முழுக்கத் தெரியும். கால் உடைந்ததே அதனால்தான் என்பது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வருவதற்கு முன்பே முடிவான விஷயம்.

"எண்ணெயத் தானமாக் குடுத்தா சனி கழியும்னு எவன் சொன்னான் உனக்கு? குச்சனூரு சனீஸ்வரன் கோயிலுக்குப் போனா பஸ் காசு ஆகும்னு திருமங்கலத்துக்கு வந்துட்டியாக்கும்? பதினெட்டு நாளு உனக்குச் சூப்பு வச்சுக் குடுத்தேனே, அதுக்கு உன் சனிய என் தலையிலயா கட்டுவ?"

"பெரியம்மா, இதுல எள்ளே கெடையாது. இது பூவுல எடுத்தது."

"பெறகு எதுக்கு எண்ணெய்ன்ன?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். எள்ளோ சனீஸ்வரனின் தானியம். தேங்காயில் ஆட்டினாலும் கடலையில் ஆட்டினாலும் எங்கோ வெளிநாட்டு ஊதாப்பூவில் வடித்தாலும் நம் பேச்சில் எள்ளின் பேர்தான் ஒட்டிக்கொள்கிறது. 'செண்டு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரியம்மா அந்த இடத்திலேயே முந்தானையில் தடவிக்கொண்டிருப்பார். இன்னொன்றும் எனக்கு விளங்கவே இல்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமாம், தானமாக வாங்கத்தான் கூடாதாம். அப்படியானால் தானமாக வாங்கியதா விலைக்கு வாங்கியதா என்பதை மேலே யார் பில்லைப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள்? கேட்கத்தான் நினைத்தேன். முறுக்குக் கரண்டி பெரியம்மாவின் கையில் இருந்தது.

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "நீ தானம் குடுக்கல, நான் வெலைக்கு வாங்கிருக்கேன். சரியா? சாட்சிக்கு அந்தப் பல்லி இருக்கு."

அங்கிருந்து வில்லாபுரம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். திருமங்கலத்துப் போன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. வாசல் கோலத்தைத் தாண்டுவதற்குள் சித்தி ஒரு ரூபாய் நாணயத்தோடு எதிரே வந்துவிட்டார். வாங்க, உட்காரு, காப்பி குடிக்கிறியா, எதுவும் இல்லை. முதலில் காசு, அப்புறம்தான் பாட்டில்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை எழுத்துக் கூட்டினார். "எசென்ஷியல்... ஆயில்... அப்படின்னா அத்தியாவசிய எண்ணெய். ஏண்டா, ரேசன் கடையில லிட்டர் 25 ரூபாய்க்கு ஊத்துறான, அந்தப் பாமாயிலா?"

"இல்ல சித்தப்பா, இது எசென்ஸ்ல இருந்து வந்த எசென்ஷியல். சாரம்னு அர்த்தம்."

"அப்ப அவசியம் இல்லாததுங்கிற."

ஓய்வு பெற்ற பிறகும் சித்தப்பா வார்த்தைகளை விடுவதில்லை. சீட்டைப் படிக்கச் சொல்லி மூன்று தடவை படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு ஒரு நாள் பார்த்தபோது அதன் பின்பக்கத்தில் சித்தி பால் கணக்கு எழுதியிருந்தார். முன்பக்கம் புதுசாகவே இருந்தது.

நண்பன் வீட்டில் வேறு மாதிரி. மூடியைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தவன், "டேய், இது நீலகிரித் தைலம்டா! சளி பிடிச்சா எங்கம்மா வெந்நீர்ல விட்டு ஆவி பிடிக்கச் சொல்லுமே. பேர மாத்தி, பாட்டிலச் சின்னதாக்கி, ரேட்ட ஏத்தி வச்சிருக்காய்ங்க. நீயும் வாங்கியாந்திருக்க பாரு" என்றான். சனி, தோஷம் எதிலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நான் தெருமுனை திரும்புவதற்குள் போன் டிங்கென்றது. ஜிபேயில் ஒரு ரூபாய் வந்திருந்தது. குறிப்பு: 'எதுக்கும் இருக்கட்டும் மாப்ள'.

ஓனரம்மா மட்டும் ஆரஞ்சு பாட்டிலை, அடியில் ஒட்டிய தெர்மாகோல் கட்டியோடு வாங்கி மோந்து பார்த்து, "மிட்டாய் வாசம்" என்று சிரித்தார். நாணயம் எதுவும் தரவில்லை. அந்த மூன்று மாத வாடகை எப்போது என்று கேட்டார்.

தீபாவளி அன்று காலை நாலரை மணிக்குப் போன். சித்தி.

"ஏப்பா, உங்க சித்தப்பாவுக்கு என்னமோ ஆகுது! வெந்நி ஊத்த ஊத்தக் குளுருதுங்கிறாரு!"

விசாரித்தால், கங்கா ஸ்நானத்துக்கு நல்லெண்ணெய் காய்ச்சி இறக்கி, அதில் பெப்பர்மின்ட் பாட்டிலை முழுசாகக் கவிழ்த்திருக்கிறார். "பன்னெண்டு சொட்டுன்ன, பண்டிகை நாளுல எண்ணிக்கிட்டா ஊத்துறதுன்னு மொத்தமா விட்டுட்டேன்." உச்சந்தலை முதல் முதுகு வரை சூடு பறக்கத் தேய்த்தும் ஆகிவிட்டது. ஐப்பசி மழை வேறு வெளியே கொட்டுகிறது.

பெப்பர்மின்ட்டில் இருக்கும் மெந்தால் உடம்பைக் குளிர வைப்பதில்லை. குளிரை உணர்கிற நரம்பைத் தட்டி எழுப்பி, 'குளுருது, குளுருது' என்று பொய் சொல்ல வைக்கிறது. ஆகவே வெந்நீர் ஊற்றினாலும் நரம்பு தன் பாட்டுக்குக் குளுருது என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இதை நான் போனில் விளக்கிக்கொண்டிருக்க, பின்னால் சித்தப்பா பல் கிட்டித்த குரலில், "அத்தியாவசியம்டா... ரொம்ப அத்தியாவசியம்டா..." என்று கத்துவது கேட்டது.

"சித்தி, இன்னும் வெந்நி ஊத்தாதீங்க, தோலு வெந்துரும். சீயக்கா நல்லாப் போட்டு எண்ணெயப் போக்குங்க. கண்ணுக்குள்ள போயிராமப் பாத்துக்கங்க."

மூன்று தடவை சீயக்காய் போட்டு, இரண்டு போர்வை சுற்றி, லேகியத்தை இரண்டு உருண்டையாகக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஏழு மணிக்கு வெடிச் சத்தம் கேட்டு எழுந்து வந்தவர், மூக்கடைப்பு பத்து வருடத்தில் முதல் தடவையாகத் திறந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டாராம். ஆனால் என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை.

வெட்டிவேர் பாட்டில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அது ரொம்பக் கெட்டி. தலைகீழாகப் பிடித்தால் ஒரு சொட்டு விழுவதற்குள் குக்கர் ஒரு விசில் விட்டுவிடும். "உங்க சொந்தக்காரங்க யாருக்கு வேணா குடுங்க, இத மட்டும் குடுக்காதீங்க. உங்கள மாதிரியே இருக்கு" என்று மனைவி பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்து இறங்கினார். நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பை. பைக்குள் எள்ளுச் சாதப் பொட்டலம்.

"எங்க பெரியம்மா போயிட்டு வாரீங்க?"

"நேத்து குச்சனூருக்கு. தேனி போயி, சின்னமனூரு போயி, அங்கிட்டு இருந்து மினி பஸ்ஸுல. வெளக்குப் போடத்தான். வீட்டுல வச்சுக்கிட்டா பயமா இருக்கு, கீழ ஊத்தவும் மனசு வல்ல. நீ நொண்டிக்கிட்டு வந்து குடுத்தது. அதான் கொண்டுபோயி எள்ளு வெளக்குல ஊத்திட்டேன், உன் பேரு நட்சத்திரத்தச் சொல்லி."

"லாவெண்டர் எண்ணெயவா?"

"ஆமா. பொசுக்குனு ஒரு முழத்துக்கு எந்திரிச்சு எரிஞ்சுச்சு பாரு! பக்கத்துல நின்னவுக ரெண்டடி பின்னாடி போயிட்டாக. பகவான் அப்பிடியே ஏத்துக்கிட்டாரு. அந்த இடமே கமகமன்னு கெடக்கு. கல்யாண வீட்டுல இருந்து வந்தியான்னு ஒருத்தி கேக்குறா."

எனக்குத் தொண்டை அடைத்தது. எழுபது வயதில் மூன்று பஸ் மாறிப் போய் வந்திருக்கிறார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"நன்றி கின்றின்னு ஆரம்பிக்காத. மறுபடி எதையாச்சும் வாங்கியாந்துருவ." பெரியம்மா எள்ளுச் சாதத்தை என் கையில் வைத்துவிட்டு, இன்னொரு கையை நீட்டினார். "வெளக்கு உன் பேருலதான போட்டேன்? அப்ப அது உன் எண்ணெய். என் ஒத்த ரூவாயக் குடு."