ஐஸ்கிரீம் குச்சியில் எம்டன்

5 அக்டோபர் 2024, சனி

சின்ன வயதில் நான் ஏதாவது தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டால் அம்மா சொல்வது ஒன்றுதான்: "சரியான எம்டன்டா நீ." 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது என்பது அம்மாவுக்கே தெரியாது. பட்டப்பெயரை இத்தனை வருஷம் சுமந்தாச்சு, கப்பலையும் செய்துவிடலாம் என்று இன்று உட்கார்ந்தேன்.

அத்தானும் நானும் சாப்பாட்டு மேசையில் கடற்போர் ஆட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. இதுவரை பாட்டில் மூடிகள்தான் கப்பல்கள். மூடிக்கு முன் எது பின் எது என்று தெரியாமல் சண்டை வேறு.

அளவு 1:1200 என்று முடிவு செய்தேன். எம்டன் 118 மீட்டர், அதாவது 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் பதின்மூன்றரை மீட்டர், அதாவது 11 மில்லிமீட்டர். மேசை டிராயரில் கிடந்த ஐஸ்கிரீம் குச்சியை அளந்தால் அகலம் 10. எவனோ எனக்காகவே சீவி வைத்த மாதிரி!

13 அக்டோபர், ஞாயிறு

இரண்டு குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, துணிக்கிளிப்பு மாட்டி ராத்திரி முழுக்க விட்டேன். மேசையே கடல் என்பதால் தண்ணீருக்குக் கீழே இருக்கும் பாகம் வேண்டாம். பாதி வேலை மிச்சம். முனையைக் கத்தியால் கூராக்கி உப்புத்தாளில் தேய்த்தேன். புகைபோக்கிக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சியின் தண்டு. கொடிமரத்துக்கு முதலில் சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி வைத்துப் பார்த்தேன், தந்திக் கம்பம் மாதிரி இருந்தது. அம்மாவின் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு உருவினேன். சரியான பருமன்.

அப்புறம் புத்தி கெட்டுப்போனது. எம்டனுக்குப் பத்து பீரங்கிகள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு மூன்று. ஸ்டேப்ளர் ஊசியைத் துண்டு துண்டாக நறுக்கி, இடுக்கியில் பிடித்து ஒட்டினேன். ஒரு துண்டு விரலோடு ஒட்டிக்கொண்டது, ஒன்று எங்கே தெறித்தது என்றே தெரியவில்லை. மூன்று மணி நேரம். முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தால் ஒரு பீரங்கிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆடுகிறவன் நிற்கும் தூரத்திலிருந்து தெரிவது நீளமும் கொடிமரமும் புகைபோக்கியும் மட்டுமே.

அடுத்தது எம்டனை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி. அதற்கு அந்தத் தப்பைச் செய்யமாட்டேன்.

20 அக்டோபர், ஞாயிறு

சிட்னி 139 மீட்டர். 11.6 சென்டிமீட்டர் வேண்டும், குச்சிக்கு எட்டவில்லை. சிங்கப்பூர் பிராஸ் பசாவில் வாங்கிய பால்சா என்ற லேசான மரத்துண்டில் அரை நாளில் முடிந்தது.

சாம்பல் பெயின்ட் அடித்து, மங்கல் வார்னிஷ் ஸ்பிரேயை வீட்டுக்கு வெளியே நடைபாதையில் வைத்து அடித்தேன். மத்தியானம் பெய்த மழையின் ஈரம் காற்றில் அப்படியே இருந்தது. பத்து நிமிஷத்தில் இரண்டு கப்பல்களும் பனி பூத்ததுபோல வெளுத்துவிட்டன. பக்கத்து வீட்டு ஆன்ட்டி இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தியது தனிக்கதை. இந்த ஊரில் ஸ்பிரேயை மறந்துவிட வேண்டியதுதான்.

28 அக்டோபர், திங்கள்

மறுபடி பெயின்ட், இந்த முறை பிரஷ்.

1914-இல் இதே தேதியில்தான் எம்டன் விடியற்காலையில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ஷெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். கித்தானில் பொய்யாக நாலாவது ஒன்று கட்டி நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் யார்மத் மாதிரி வேஷம் போட்டார்கள். அந்த மாலுமிகளும் என்னைப் போலக் கையில் கிடைத்ததை வைத்துக் கப்பல் செய்தவர்கள்தான்! தூரத்திலிருந்து பார்க்கிறவன் புகைபோக்கியைத்தான் எண்ணுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பத்து பீரங்கி ஒட்டிக் கண்டுபிடித்தேன்.

நாலாவதைக் கழற்றி மாட்டும்படி குண்டூசி முனையில் செருகினேன். அது நன்றாக வரவே மற்ற மூன்றையும் பிடுங்கி அதே மாதிரி ஆக்கிவிட்டேன்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. அக்கா மகள் கொடிமரத்தைப் பிடித்துத் தூக்கினாள். முறிந்தது. கப்பலைத் தொடாமல் நகர்த்த, அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு ஒட்டவேண்டும்.

9 நவம்பர், சனி

எம்டனும் சிட்னியும் மோதிய கொக்கோஸ் தீவுச் சண்டை நடந்த நாள். 110 வருஷம்.

அன்று எம்டன் சுட ஆரம்பித்த தூரம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். 1:1200-இல் கணக்குப் போட்டால் எட்டு மீட்டர் வரும். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு ஹாலைத் தாண்டி லிஃப்ட் வரை போகவேண்டும். அதனால் தூரத்துக்கு மட்டும் 1 சென்டிமீட்டருக்கு 100 மீட்டர். இந்தக் கணக்கில் கப்பலே ஒரு கிலோமீட்டர் நீளம் ஆகிவிடுகிறது, ஆகட்டும். கொடிமரத்திலிருந்து கொடிமரத்துக்கு அளப்போம். சுடுகிறவர் கண்ணளவில் தூரம் சொல்லவேண்டும், அப்புறம்தான் டேப்.

எம்டன் அக்கா மகளுக்கு, சிட்னி அத்தானுக்கு. அவள் "தொண்ணூத்தி ரெண்டு" என்றாள். டேப்பில் 93! நிஜத்திலும் முதலில் அடித்தது எம்டன்தான், சிட்னியின் தூரமானி ஒன்றை உடைத்தது. ஆனால் சிட்னியின் ஆறு அங்குலப் பீரங்கிகளுக்கு முன்னால் எம்டனின் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் தாக்குப்பிடிக்கவில்லை. இங்கேயும் அதே கதை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு புகைபோக்கியைக் கழற்றினோம். அன்றும் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. கேப்டன் முல்லர் கப்பலை வட கீலிங் தீவில் கரையேற்றினார். இவள் முறுக்கு டின் மூடியில் ஏற்றினாள்.

ஏற்றிவிட்டு, நாலு புகைபோக்கிகளையும் திரும்ப மாட்டினாள். "இப்ப இது யார்மத். அப்பா சுடக்கூடாது."

அத்தான் என்னைப் பார்த்தார். "என்ன மச்சான், இப்படி ஒரு விதி இருக்கா?"

இல்லை. அடுத்த ஆட்டத்துக்குள் எழுதவேண்டும். அடுத்தது ஷெம்சுக், 9 சென்டிமீட்டர் சொச்சம், ஐஸ்கிரீம் குச்சி போதும். ஈர்க்குக்குத்தான் யோசனை. விளக்குமாறு இளைத்துக்கொண்டே போகிறதே என்று அம்மா இன்று காலை கேட்டார்.